சம்பந்திகளுக்கு நாற்காலி போட்டவள்

வெளியுறவு அமைச்சகத்தில் அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. வாசல் காவலரிலிருந்து அமைச்சர் வரை எல்லோருக்கும் அவள் டேப்பம்மாதான். மூக்குக் கண்ணாடியை மறந்து வருவாள், வீட்டுச் சாவியை மறந்து வருவாள், அளவெடுக்கும் டேப் இல்லாமல் மட்டும் ஒரு நாள் வந்ததில்லை. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் கொடிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, கைகுலுக்கும் இடம் சரியாக நடுவில் இருக்கிறதா, பிஸ்கட் தட்டு யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. புரோட்டோகால் துணை அதிகாரி என்று அதற்குப் பெயர். முப்பது வருஷ உத்தியோகம்.

அவளுடைய அண்ணனுக்கு மட்டும் அவள் பாப்பா. ஐம்பத்து மூன்று வயதுப் பாப்பா. அண்ணன் சொந்தப் படகில் மீன் பிடிக்கிறவர். "அவ்வளவு படிச்சுட்டு ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் நாற்காலி போடுற வேலை பார்க்குறா என் தங்கச்சி" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டு, கூடவே "அமைச்சரே அவளைக் கேட்டுட்டுத்தான் உக்காருவாரு" என்றும் சொல்லிக்கொள்வார்.

இவர்கள் நாடு சின்ன நாடு. வரைபடத்தில் பெயர் எழுத இடம் போதாமல், கடலில் எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். நாடு சின்னதே தவிர அதற்கு முன்னால் ஓடும் நீரிணை லேசுப்பட்டது அல்ல. அந்தப் பக்கத்துச் சரக்கெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இரண்டு வல்லரசுகளுக்கு இந்த நாட்டின் மேல் அளவுகடந்த பாசம். எந்நேரமும் யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்று அமைச்சகத்தில் அவர்கள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரொம்ப காலமாக உறவில் இருக்கிறவர் மூத்த சம்பந்தி, பத்து வருஷத்துக்கு முன் வந்து ஒட்டிக்கொண்டவர் புது சம்பந்தி. மூத்த சம்பந்தி பாலம் கட்டிக் கொடுத்தால், புது சம்பந்தி பாலத்தைவிட ஒரு மாடி உயரமாக ஆஸ்பத்திரி கட்டிக் கொடுப்பார். உடனே மூத்த சம்பந்தி ஆள் அனுப்பிப் பாலத்தின் மேல் விளக்குக் கம்பம் நட்டு உயரத்தைச் சரிக்கட்டுவார். இவர் முகம் கோணாமல் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவர் முகம் கோணாமல் இவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பெண்ணைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு.

இந்த வருஷம் பாசம் முற்றிப் போய், இரண்டு பேருமே நீரிணையில் கடற்படைப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கொரு வட்டம் போட்டு, உள்ளே யாரும் வரக்கூடாது என்று அறிவித்தார்கள். இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில்தான் நாட்டின் மீனெல்லாம் இருந்தது. ஒரு படகு துணிந்து உள்ளே போனது. குண்டு விழுந்து படகு இரண்டாகப் பிளந்தது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள், ஒருவர் வரவில்லை. அது தங்கள் குண்டு இல்லை என்று இரண்டு சம்பந்திகளுமே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்கள்.

பேச்சுவார்த்தைக்கு முந்தின வாரம், சனிக்கிழமை காலையில் அண்ணன் டேப்பம்மாவின் வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்றபடியே பேசினார். உட்காரவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"பாப்பா, வர்ற வெள்ளிக்கிழமை உங்க ஆபீஸ்ல பேச்சுவார்த்தையாமே. சொல்லி வை. அதுக்கப்புறம் சனி, ஞாயிறு பொறுத்துப் பார்ப்பேன். திங்கக்கிழமை காலையில படகை எறக்கிடுவேன்."

"அண்ணே, வெளையாடாத. பக்கத்துத் தெருக்காரருக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தல்ல?"

"பார்க்காம என்ன? கரை ஒதுங்கினவனை நான்தானே தூக்கிட்டு வந்தேன்."

"அப்புறமும் போறேங்கிற?"

"வலையைப் போர்த்திக்கிட்டு வீட்டுக்குள்ள படுக்கச் சொல்றியா? நாப்பது நாள் ஆச்சு. கடலைப் பார்த்துக்கிட்டே கடையில டின் மீன் வாங்கித் திங்கிறோம். வெளிய சொன்னா வெக்கக்கேடு."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை பல் டாக்டரிடம் மரத்துப்போகிற ஊசி வேண்டாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தைக்காகவே ஊசி இல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர். அன்று மத்தியானம் அண்ணி போனில், "நீயாவது ஏதாவது பண்ணேன்" என்று அழுதாள். நாற்காலி போடுகிறவள் என்ன பண்ண முடியும்? டேப்பம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் கடல் திறக்காவிட்டால் அண்ணன் போய்விடுவார், போனால் வரமாட்டார். அவளுக்கு அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. சூரியன் உதித்ததிலிருந்து நண்பகல் வரை பயிற்சி நிறுத்தம், படகுகள் போகலாம். இரண்டு சம்பந்திகளுக்கும் அதில் ஆட்சேபமே இல்லை. அதை அறிவிக்கும் கூட்டறிக்கை யார் பெயரில் தொடங்குவது என்பதில்தான் ஒரு மாதமாக நின்றது. மூத்தவர் பெயர் முதலில் என்றால் புதியவர் எழுந்து போவார். புதியவர் பெயர் முதலில் என்றால் மூத்தவர் தூதரைத் திருப்பி அழைப்பார். சரி, எங்கள் நாட்டுப் பெயரிலேயே தொடங்கட்டும் என்றால், "அப்படியானால் அது உங்கள் அறிக்கை, நாங்கள் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?" என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

சரி, அது மேலிடத்து விவகாரம். தன் கையில் இருப்பதையாவது குறையில்லாமல் செய்துவிடுவோம் என்று டேப்பம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாற்காலியில் ஒரு குறை, கொடியில் ஒரு குறை என்று சொல்லி எவனும் எழுந்து போய்விடக்கூடாது. பெரிய தாள் ஒன்றில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'மூத்த', வலப்பக்கம் 'புது' என்று எழுதினாள். கதவு, மேஜை, கொடி, தண்ணீர் டம்ளர், மைக், பேனா, பிஸ்கட் என்று எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு கட்டம்.

கூட்ட அறைக்கு ஒரே கதவு. யார் முதலில் நுழைவது? நான்கே நாளில் சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தார்கள். மேஜையில் ஜன்னல் வெயில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தது. யார் கண் கூசுவது? ஜன்னலை அடைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்குப் போட்டார்கள். பிறகு நாற்காலிக்கு வந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புதன்கிழமை மூத்த சம்பந்தியின் முன்னேற்பாட்டுக் குழு வந்தது. லேசர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, தங்கள் நாற்காலி மூன்று மில்லிமீட்டர் குட்டை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அமைச்சகத்துத் தச்சு மேஸ்திரி மற்ற நாற்காலியின் காலை அறுத்தார். அன்று மாலையே புது சம்பந்தியின் குழு வந்து, இப்போது தங்களுடையதுதான் இரண்டு மில்லிமீட்டர் குட்டை என்றது. மேஸ்திரி மூத்தவர் நாற்காலியை அறுத்தார். அது ஆடியது. ஆட்டத்தை நிறுத்த இன்னும் கொஞ்சம் அறுத்தார். வியாழக்கிழமை காலையில் மறுபடி மூத்தவர் குழு.

"மேடம், இப்படியே போனா ரெண்டு பேரையும் தரையிலயே உக்கார வச்சிடலாம். நானும் ரம்பத்துக்கு ஓய்வு குடுத்துடுவேன்" என்றார் மேஸ்திரி, உடம்பெல்லாம் மரத்தூளோடு.

"வாயை மூடிக்கிட்டு அறுங்க மேஸ்திரி."

"நான் அறுக்கிறேன். ஆனா ஒருத்தராவது உயரம் எவ்வளவுன்னு கேட்டாங்களா? அடுத்தவனோடதைவிடக் குட்டையாங்கிறதுதான் கேள்வி."

வியாழன் சாயங்காலம் இரண்டு குழுவும் திருப்தி என்று தலையாட்டியபோது, பதினெட்டு அங்குல நாற்காலிகள் பதின்மூன்றுக்கு வந்திருந்தன. அதற்குத் தோதாக மேஜைக் காலையும் வெட்ட வேண்டியதாயிற்று. டேப்பம்மா தாளை எடுத்து ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டாள். மொத்தம் எண்பத்தாறு டிக். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அன்று வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. இரண்டு கதவும் ஒரே நொடியில் திறந்தன. இரண்டு கடற்படைத் தளபதிகளும் ஒரே நொடியில் நுழைந்தார்கள். மூத்த பக்கத்துத் தளபதி ஆள் வாட்டசாட்டமானவர், புதுப் பக்கத்துத் தளபதி ஒல்லி, கண்ணாடிக்காரர். ஒரே நொடியில் உட்கார்ந்தார்கள். உட்காரும் தூரம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் இரண்டு பேருமே 'ஹப்' என்று ஒரு சத்தம் போட்டார்கள். அதுவும் சமமாகத்தான் இருந்தது. டேப்பம்மா மூச்சு விட்டாள்.

அப்போது அமைச்சர் உள்ளே வந்தார். மேஜையின் தலைப்பக்கம் வரை நடந்தார். நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பிறகு தனக்குப் பின்னால் பார்த்தார். அமைச்சருக்கு நாற்காலி இல்லை.

டேப்பம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தாள். இடப்பக்கம் மூத்த, வலப்பக்கம் புது. எண்பத்தாறு டிக். மூன்றாவதாக ஒரு பத்தியே அதில் இல்லை. அமைச்சருக்கு நாற்காலியும் இல்லை, மைக்கும் இல்லை, ஒரு டம்ளர் தண்ணீரும் இல்லை. போதாக்குறைக்கு சொந்த நாட்டுக் கொடியும் இல்லை.

எடுத்தாளே ஒரு ஓட்டம்! நடைபாதைக்கு ஓடினாள். பக்கத்து அறைகள் எல்லாம் பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டிருந்தன. கண்ணில் பட்டது வாசல் காவலரின் நாற்காலி ஒன்றுதான். தடுப்புக்கு மேலே தலை தெரிய வேண்டும் என்று அவருக்காகவே உயரமாகச் செய்தது. "எந்திரிங்க, எந்திரிங்க!" என்று அவரைக் கிளப்பிவிட்டு, அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். அமைச்சர் ஐந்தடி ஆள். நல்ல மனுஷன், மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர்களின் கேமரா வெளிச்சம் மழையாகப் பொழிந்தது.

பதினைந்தே நிமிஷத்தில் அந்தப் படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. படத்தில் அமைச்சர் மேலே உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும், முழங்கால் மார்பைத் தொட, இரண்டு வல்லரசுகளின் தளபதிகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். தலைமை ஆசிரியர் முன்னால் சேட்டை பண்ணிய பையன்கள் மாதிரி. இரண்டு தலைநகரங்களிலிருந்தும் போன் வந்தது. போனை எடுத்த தளபதிகளின் காது சிவந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

பதினொன்றரை மணிக்கு அமைச்சரின் அறைக்குள் இரண்டு தளபதிகளும் புயலாக நுழைந்தார்கள். அந்த அறைக்கு ஒரே கதவுதான். யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அமைச்சர் டேப்பம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மொழிபெயர்ப்பாளர்கள் கெட்ட வார்த்தைகளை நீக்கிவிட்டுச் சொன்னதன் சாரம் இது. இது திட்டமிட்ட அவமானம். படம் உண்மையான உயரத்தைக் காட்டவில்லை என்று மறுப்பு வெளியிட வேண்டும். இந்தக் காரியத்தைச் செய்த அதிகாரியை இன்றே வேலையிலிருந்து நீக்க வேண்டும். மூத்தவர் ஒன்று சொன்னால் புதியவர் "ஆமாம், அதேதான்" என்றார். புதியவர் ஒன்று சொன்னால் மூத்தவர் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்.

டேப்பம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு கொடி சாய்ந்ததில்லை. ஆனால் காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. ஆமாம், அதேதான் என்கிறாரே இந்த மனுஷன்! இவர்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அண்ணனின் முகம் கண்முன் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சார், மறுப்பை ரெண்டு நாடும் சேர்ந்துதானே வெளியிடணும்?"

"சேர்ந்துதான்" என்றார்கள் இரண்டு பேரும்.

"மறுப்பை மட்டும் தனியா வெளியிட முடியாதுங்க. அது புரோட்டோகால்ல இல்லை. கூட்டறிக்கைன்னு ஒண்ணு இருந்தாத்தான் அதுக்குள்ள மறுப்பைச் சேர்க்க முடியும். அறிக்கை இல்லாட்டி, நாளைக்கும் அந்தப் படம் மட்டும்தான் பேப்பர்ல இருக்கும்."

தளபதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அறிக்கை யார் பெயரில் தொடங்கும்?" என்று பழைய பாட்டை எடுத்தார் மூத்தவர்.

"என்னை வச்சுத் தொடங்கிக்கலாம் சார்" என்றாள் டேப்பம்மா. "தப்புப் பண்ணினது நான்தானே. 'புரோட்டோகால் துணை அதிகாரியின் கவனக்குறைவால்'னு ஆரம்பிச்சா உங்க ரெண்டு பேர் பேரும் முதல்ல வராது."

அவளே கணினி முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். முதல் வரியில், துணை அதிகாரியின் கவனக்குறைவால் தவறான படம் வெளியானது. இரண்டாம் வரியில், அவர் இன்றே பணியிலிருந்து நீக்கப்படுகிறார். மூன்றாம் வரியில், இரு தரப்பின் நல்லெண்ணத்துக்கு அடையாளமாக, திங்கட்கிழமை முதல் தினமும் சூரியன் உதித்ததிலிருந்து நண்பகல் வரை பயிற்சிகள் நிறுத்தப்பட்டு மீன்பிடிப் படகுகள் அனுமதிக்கப்படும். இரண்டாம் வரியில் மட்டும் விரல் இரண்டு தடவை தவறியது. அழித்து மறுபடி அடித்தாள். ஒரு மாதம் நகராத காகிதம் இருபது நிமிஷத்தில் கையெழுத்தாகிவிட்டது.

தளபதிகள் போன பிறகு அமைச்சர் கதவைச் சாத்தினார். "உண்மையைச் சொல்லுங்கம்மா. வேணும்னேதானே என் நாற்காலியை விட்டீங்க? இப்படி ஆகும்னு கணக்குப் போட்டுத்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கெட்டிக்காரி என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். "இல்லை சார். மறந்துட்டேன்" என்றாள் அவள்.

"உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை" என்றார் அமைச்சர். "இந்த நாற்காலிக்கு வந்த நாள்ல இருந்து இன்னைக்குத்தான் முதல் தடவையா எல்லாரும் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க."

திங்கட்கிழமை விடிந்ததும் டேப்பம்மா மீன்பிடித் துறைக்குப் போனாள். திங்கட்கிழமை காலையில் போவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எஞ்சின்கள் இருமிக்கொண்டிருந்தன. அண்ணன் படகில் ஏறப்போனவர் அவளைக் கண்டதும் திரும்பி வந்தார். வந்த வேகத்துக்கு அறைந்துவிடுவார் போலிருந்தது.

"உனக்கு அறிவிருக்கா? ரேடியோவுல சொல்றான், வேலையில இருந்து தூக்கிட்டாங்கன்னு. முப்பது வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? சண்டைக்குப் போயிருப்ப."

"போயிருப்பேன்தான். எனக்காகத்தானே பண்ணின?" அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்பது போல அவளைப் பார்த்தார்.

"உனக்காகத்தான் கையெழுத்து வாங்கினேன். அது உண்மை" என்றாள் அவள். "ஆனா நாற்காலியை நிஜமாவே மறந்துட்டேன்ணே. வேலை போனதுகூடப் பரவாயில்லை, அதை நெனச்சாத்தான் ஆறவே மாட்டேங்குது. நம்ம வீட்டுக் கூட்டம். நம்ம ஆளு வர்றாரு. ஏழு நாள் அவங்க ரெண்டு பேரையே நெனச்சு, ரெண்டு பேருக்குமே அளந்து, நாம ஒருத்தங்க நடுவுல இருக்கோங்கிறதே எனக்குத் தோணலை. எனக்கே தோணலைண்ணே."

அவள் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், குழந்தை மாதிரி அழுதாள்.

அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். "அதைத்தானே பாப்பா நாங்க நாப்பத்தொன்பது நாளா இந்தக் கரையில உக்காந்து சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றார்.

பிறகு சூரியன் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நண்பகலுக்குள் திரும்ப வேண்டும், நேரமில்லை. அவர் தண்ணீரில் இறங்கி ஓடிப்போய்ப் படகில் ஏறினார்.